வண்டி எந்த இடத்தில் சுற்றியது

போன மாதம், நான் முன்பு இருந்த ரிமோட் கார்க் கடையில் இப்போது வேலை பார்ப்பவர்கள் ஒரு புதிய காரை லிங்கநகரில் என் வீட்டுக்கே கொண்டுவந்து காட்டினார்கள். அதன் வயிற்றுக்குள் சீனிக்கட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. வளைவில் காரின் பின்பக்கம் வீசப் போகிறது என்றால் அந்தப் பெட்டி முந்திக்கொண்டு சில்லைத் திருப்பி நேராக்கிவிடுமாம். ஓட்டுகிறவருக்குத் தெரியவே தெரியாதாம்.

"இனி எந்தக் காரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரித்தான் ஓடும் அண்ணை. நீங்கள் இது இல்லாமல் ரெண்டு காரை எப்படி ஒப்பிட்டுப் பாத்தனீங்கள்? எழுதித் தாங்கோ" என்று கேட்டார்கள்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன். வாயால் சொல்லலாம் என்றால் நாலு பேர் பார்க்கும்போது நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை. அதனால்தான் இந்த வேலையை ஏற்றுக்கொண்டேன்.

நாங்கள் விற்றதும் திருத்தியதும் விளையாட்டுச் சாமான் என்று ஊரில் பலர் நினைத்தார்கள். அப்படி இல்லை. மண் தடத்தில் ஓட்டப் போட்டிக்கென்றே செய்யப்பட்ட கார்கள் அவை. பகி என்று சொல்வார்கள். நீளம் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. பெரிய காரில் இருக்கிற எல்லாம் அதிலும் உண்டு: நாலு சில்லுக்கும் அதிர்வு தாங்கத் தனித்தனி ஷாக், அதற்குள் எண்ணெய், பல்சக்கரங்கள், முள் வைத்த டயர்கள். ஓட்டுகிறவர் தடத்தின் ஓரத்தில் மேடையில் நின்று ரிமோட்டால் ஓட்டுவார். ரிமோட்டை இடது கையில் பிடித்து, சுட்டுவிரலால் வேகம் கொடுப்பார். வலது கையால் அதில் உள்ள சின்னச் சக்கரத்தைத் திருப்புவார். சக்கரத்தை விட்டால் உள்ளே இருக்கும் சுருள்கம்பி அதை நடுவுக்குக் கொண்டுவந்துவிடும். காரும் நேராகும். பார்க்கச் சின்ன விடயம். பின்னால் சொல்லப்போகிற கதை அந்தச் சுருள்கம்பியில்தான் நிற்கிறது.

முதலில் நான் வள்ளங்களின் வெளியிணைப்பு எஞ்சின் திருத்துகிறவனாக இருந்தேன். உப்புத் தண்ணீர் தின்ற எஞ்சின்களோடு பல வருடம் போனது. ஒரு நாள் கிண்ணியா ஆள் ஒருவர் கைக்குள் அடங்குகிற ஒரு பல்சக்கரப் பெட்டியைக் கொண்டுவந்து, இதைத் திருத்த ஏலுமா என்று கேட்டார். எஞ்சின்காரன் கையில் அது கச்சான் கடலைக் கொட்டை மாதிரி இருந்தது. திருத்திக் கொடுத்தேன். அடுத்த கிழமை இன்னொன்று கொண்டுவந்தார். அதற்கடுத்த கிழமை என்னையே கூட்டிக்கொண்டு போனார்.

அவர்தான் ரஸீன் நானா. வெளிநாட்டில் இப்படியான கார் விற்கும் கடையில் நீண்டகாலம் நின்றுவிட்டு வந்து, உட்துறைமுகத்துக்குப் போகும் வீதியில் சொந்தமாகக் கடை போட்டவர். கப்பல்துறையில் ஒரு வெறுங்காணியைக் குத்தகைக்கு எடுத்து மண் தடமும் போட்டார். என்னைவிட வயது குறைந்தவர். ஆனாலும் ஊர் முழுக்க நானா என்று கூப்பிட்டதால் நானும் நானா என்றேன். அவர் என்னை அண்ணன் என்றார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் மூத்தவராக்கி வைத்திருக்கிறோம் என்று கடைக்கு வருகிறவர்கள் சிரிப்பார்கள்.

வேலை பழக எனக்கு ஒரு மாரி காலம் போதுமாக இருந்தது. மழையில் தடம் மூடியிருக்கும், கடையில் இருந்து கார்களைக் கழற்றிப் பூட்டிக்கொண்டே இருந்தேன். ஓட்டப் பழகியது அதற்குப் பிறகு. ஆட்கள் பார்க்கும்போது ஓட்டக் கூச்சமாக இருந்ததால் விடிந்ததும் போய்த் தனியே ஓட்டினேன். எப்படியோ கை படிந்துவிட்டது.

நானாவின் முறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆட்கள் வந்து இந்தக் காரா அந்தக் காரா நல்லது என்று கேட்டால் வேறு கடையில் உடனே ஒன்றைக் கைகாட்டுவார்கள். நானா அப்படிச் சொல்ல மாட்டார். இரண்டையும் தடத்தில் போட வேண்டும். இரண்டுக்கும் ஒரே பற்றரி, ஒரே டயர். கழற்றி மாற்றி மாற்றிப் போடுவோம். குசினித் தராசில் வைத்து, பாரம் குறைந்த காருக்கு ஈயத் துண்டு ஒட்டுவோம். பிறகு இரண்டின் மேல்மூடியையும் கழற்றிவிட்டு ஒரே அச்சில் வார்த்த வெள்ளை மூடிகளைப் போடுவோம். எது எந்தக் கொம்பனி என்று மேடையில் நிற்பவருக்குத் தெரியக்கூடாது. பெயரைப் பார்த்தால் கை பொய் சொல்லும் என்பது அவருடைய எண்ணம்.

அதைவிடக் கண்டிப்பான விதி ஒன்று இருந்தது. தடத்தில் நின்றுகொண்டு நல்லது, கூடாது என்ற சொற்களைச் சொல்லக்கூடாது. கார் எந்த இடத்தில் என்ன செய்தது என்பதை மட்டும் சொல்ல வேண்டும். யாராவது வாய் தவறி, "இது சரியில்லை நானா" என்றால், அவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, "எங்க?" என்று கேட்பார். அவ்வளவுதான். தண்ணீர்ப் பம்புக்குப் பக்கத்தில் இருக்கும் பம்படி வளைவுக்குள் போகும்போது முன்பக்கம் விலகுகிறது என்று சொன்னால் தலையாட்டுவார். வெறுமனே சரியில்லை என்றால் திரும்பவும் "எங்க?" என்பார். கோபம் வந்தாலும் குரல் உயராது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேட்டு நுனியால் துடைப்பார். அதைக் கண்டால் வாயை மூடிக்கொண்டு தடத்தைத் திரும்பப் பார்க்கப் போவோம்.

அந்த முறையும் ஒரு நாளில் வந்ததல்ல. தொடக்க காலத்தில் கொழும்பு வியாபாரிகள் இரண்டு பேர் ஆளுக்கொரு கார் அனுப்பியிருந்தார்கள். காலையில் ஒன்றை ஓட்டினோம். தண்டவாளத்தில் போவது போலப் போனது. தேத்தண்ணீர் குடித்துவிட்டு மற்றதை ஓட்டினோம். எல்லா வளைவிலும் பின்பக்கம் வீசியது. முதல் கார்தான் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். நானா மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தடத்தில் நடந்தார். நடந்துவிட்டு வந்து, காலையில் ஓடிய காரைத் திரும்ப விடச் சொன்னார். அதுவும் வீசியது. காலையில் நாங்கள் தெளித்த தண்ணீரைக் கச்சான் என்கிற வறண்ட தென்மேற்குக் காற்று குடித்து முடித்திருந்தது. மேல்மண் மாவாகிக் கிடந்தது. நாங்கள் காரை ஒப்பிடவில்லை, ஈர மண்ணையும் காய்ந்த மண்ணையும் ஒப்பிட்டிருக்கிறோம். அன்றிலிருந்து ஒன்று, மற்றது, திரும்ப முதலாவது என்று மாற்றி மாற்றித்தான் ஓட்டுவோம். கச்சான் வீசுகிற மாதங்களில் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் தண்ணீர் தெளிப்போம்.

இனி வசந்தனின் கதை.

வசந்தன் உப்புவெளி ஆள், நாற்பது வயதிருக்கும். கடல் தொழில். எங்கள் தடத்தில் அவரைப் போல ஓட்டியவர் இல்லை. சனிக்கிழமை பின்னேரம் கடலால் வந்து குளித்துவிட்டு, ரிமோட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்குவார். அவர் மேடையில் ஏறினால் மற்றவர்கள் இரண்டாம் இடத்துக்குத்தான் ஓடுவார்கள். வாயும் சும்மா இருக்காது. முன்னால் போகிற காரைப் பார்த்து, "தம்பி, ஓரமாப் போங்கோ, பின்னால அம்புலன்ஸ் வருது" என்பார்.

ஒரு நாள் வள்ளத்தில் வலை இழுக்கும் இயந்திரத்தின் கயிற்றில் அவருடைய வலது கை அகப்பட்டது. கையை வெட்ட வேண்டி வரவில்லை. ஆஸ்பத்திரியில் கன நாள் கிடந்தார். பிறகு கடலுக்குப் போகவில்லை. மச்சானுடைய மீன் வாடியில் நிறுத்துக் கொடுக்கிற வேலை செய்தார். தடத்தின் பக்கம் வரவே இல்லை. நாங்களும் எப்படிப் போய்ப் பார்ப்பது, என்ன கதைப்பது என்று தெரியாமல் இருந்துவிட்டோம்.

வருடப் போட்டி நெருங்கிய நேரத்தில் அவராகவே கடைக்கு வந்தார். அப்போது கடையில் புதிதாக இரண்டு கார்கள் இருந்தன. ஒன்று மஞ்சள் பெட்டியில் வந்தது, மற்றது நீலப் பெட்டியில் வந்தது. அப்படியே பெயர் வைத்திருந்தோம். வசந்தன் இரண்டையும் இடது கையால் தூக்கிப் பார்த்தார்.

"இந்தக் கைக்கு எது சரியெண்டு பாத்துச் சொல்லுங்கோ. பாவம் பாக்க வேண்டாம். இந்தப் போட்டியை முழுசா ஓடி முடிக்க ஏலாட்டி நான் ரிமோட்டை ஆருக்கும் குடுத்துட்டு இருந்திடுவன். பேந்து இந்தப் பக்கம் வரமாட்டன்" என்றார்.

நானும் நானாவும் இரண்டு நாள் தடத்தில் நின்றோம். வெள்ளை மூடி, ஒரே பற்றரி, தண்ணீர் தெளிப்பு, ஒன்றும் விடவில்லை. நான் ஓட்டினேன். ஒரு கார் சக்கரத்தைத் தொட்டவுடனே திரும்பியது. மற்றது வளைவுக்குள் போகும்போது முன்பக்கத்தை வெளியே தள்ளிக்கொண்டு, யோசித்து யோசித்துத் திரும்பியது. கை ஏலாதவருக்குக் குறைந்த வேலை தருகிற கார்தானே வேண்டும், தொட்டவுடன் திரும்புவதுதான் சரி என்று நினைத்தோம். மூடியைக் கழற்றினால் அது நீலப் பெட்டி.

சனிக்கிழமை வசந்தன் நீலக் காரை ஓட்டினார். முதல் சுற்றிலேயே கார் சுழன்று பின்பக்கம் முன்னால் வந்து நின்றது. எடுத்து நேராக்கி விட்டோம். திரும்பச் சுழன்றது. வேம்படியில் சுழன்றது, பம்படியில் சுழன்றது. வேலியோரம் நின்ற ஒருவர், "வசந்தண்ணை, கோழி மண்ணைக் கிளறின மாதிரிக் கிடக்கு" என்றார். வழமையான பகிடிதான். வசந்தனும் சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை. குனிந்து குறடு ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நானா அஸர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனார். நேரம் இன்னும் இருந்தது.

வசந்தன் ரிமோட்டை மேசையில் வைத்துவிட்டு இறங்கினார். சந்தியில் பஸ்ஸுக்கு நின்றதைக் கண்டேன். போய்க் கதைக்கவில்லை. என்ன சொல்வதென்று யோசித்து முடிப்பதற்குள் பஸ் வந்துவிட்டது.

அடுத்த நாள் கடையில் நானா கேட்டார். "அண்ணன், ரெண்டு நாளும் ஓடினது ஆருட கை?"

"என்ர கை."

"போட்டியில ஓடப்போறது?"

அது வசந்தனின் கை. என் கை காருடைய குறையை எனக்குத் தெரியாமலேயே திருத்திக்கொண்டு ஓட்டியிருக்கிறது. அந்தக் கையால் பார்த்த ஒப்பீடு வசந்தனுக்கு உதவாது.

சைக்கிள் ட்யூபைக் கீலமாக வெட்டி, என் வலது கை விரல்களை மடிக்க முடியாதபடி தட்டையாகக் கட்டினேன். உள்ளங்கையாலும் பெருவிரலாலும் மட்டும் சக்கரத்தைத் திருப்பி ஓட்டினேன். அந்தக் கையோடு பார்த்தால் எல்லாம் தலைகீழாக இருந்தது. நீலக் கார் என்னைக் கேட்காமலே திரும்பியது. மஞ்சள் கார் மெதுவாக, சொல்வதைக் கேட்டுக்கொண்டு போனது. மஞ்சள்தான் என்று முடிவெடுத்தோம்.

வசந்தனைக் கூப்பிட வேண்டும். நானா, "நீங்க போங்க அண்ணன். நான் போனா முதலாளி வந்திருக்காரெண்டு கதிரை துடைச்சுப் போட்டு மரியாதையாக் கதைப்பாங்க. ஒண்டும் நடக்கா" என்றார். சைக்கிளில் உப்புவெளிக்குப் போனேன். வசந்தனின் மனைவி சுகந்தி வேலிப் படலையடியில் மீன் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"அவர் இல்லை அண்ணை" என்றார். பிறகு உள்ளே திரும்பிப் பார்த்து, குரலைத் தாழ்த்தாமலே, "இல்லையெண்டு சொல்லச் சொன்னவர். சொல்லிப்போட்டன். இனி நீங்கள் உள்ள போங்கோ" என்றார்.

உள்ளே போனேன். வசந்தன் சுவரைப் பார்த்தபடி இருந்தார். நான் வழியெல்லாம் பாடமாக்கிக்கொண்டு வந்த பேச்சு ஒன்றும் வரவில்லை. நாளைக்குப் பின்னேரம் ஒருக்கா வந்து பாருங்கோ என்று மட்டும் சொன்னேன். சுகந்திதான் வாசலில் நின்று, ரிமோட் இல்லாத வெறும் பையை அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டுத் தூசு தட்டவும் விடுகிறாரில்லை, ஒன்றில் அதைக் கொண்டு போய் எறியட்டும், இல்லாவிட்டால் கொண்டுபோய் ஓட்டட்டும் என்று சொன்னார்.

மறுநாள் வசந்தன் நாங்கள் நினைத்ததைவிட முந்தி வந்துவிட்டார். நான் கட்டிய கையோடு மேடையில் நின்று மஞ்சள் காரை ஓட்டிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் அவர் படியில் நிற்கிறார். அவருடைய கண் என் கையில் இருந்தது.

"ஆரைப் பாத்து நடிக்கிறீங்கள்?"

கட்டை அவிழ்க்கப் பார்த்தேன், இடது கையால் முடிச்சு அவிழவில்லை. கீழே நின்ற நானாதான் சொன்னார், "நடிப்பில்ல தம்பி. எந்தக் கார் உங்கட கைக்குச் சரிவருமெண்டு பாக்கிறார். கை நோக மூணு நாளா இப்பிடித்தான் நிக்கிறார்."

வசந்தன் மேலே ஏறி வந்து என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"பிழையாக் கட்டியிருக்கிறீங்கள்" என்றார்.

பிறகு தன் வலது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். இறுக்கமான பிடி, கடல்காரன் பிடி. "பிடிக்கிறதில எனக்கு ஒரு குறையும் இல்லை. இப்ப விடப்போறன். பாருங்கோ" என்றார். விரல்கள் உடனே விரியவில்லை. அவர் முகத்தில் நரம்பு எழும்பியது. ஒவ்வொரு விரலாக, மெல்ல மெல்ல, காய்ந்த வலையைப் பிரிப்பது போல விரிந்தன.

"மூடும். திறக்கத்தான் நேரமெடுக்கும். வளைவுக்குள்ள நான் சரியாத்தான் போறன். வெளிய வரேக்க சக்கரத்தை விட ஏலாமல் கிடக்கு. கார் திரும்பிக்கொண்டே போகுது. அண்டைக்குச் சுத்தினதெல்லாம் வெளிய வரேக்க. ஒண்டுகூட உள்ள போகேக்க இல்லை. நீங்கள் ரெண்டு பேரும் பாத்துக்கொண்டுதானே நிண்டனீங்கள்? எங்க சுத்தினதெண்டு ஒருத்தரும் கேக்கேல்லை."

நானா கண்ணாடியைக் கழற்றினார். துடைத்துக்கொண்டே நின்றார். அன்று அவர் துடைத்தது எங்கள் மேல் கோபத்தில் அல்ல. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மேடையை நிமிர்ந்து பார்த்து, "எங்க?" என்று கேட்டார்.

வசந்தன் சொன்னார். வேம்படி வளைவு முடிந்து நேர்த்தடத்துக்கு வரும் இடம். பம்படியில் இரண்டாவது திருப்பத்துக்குப் பிறகு. மேட்டில் ஏறுவதற்கு முன்னால். ஒவ்வொன்றையும் விரலால் காட்டினார். நான் கீழே இறங்கிப் போய் அந்த இடங்களில் சில்லு விட்ட தடங்களைத் தேடினேன். மூன்று நாள் தண்ணீர் தெளித்ததில் அழிந்துபோயிருந்தன. தடங்கள் இருந்த அன்றைக்கு நான் குறடு துடைத்துக்கொண்டிருந்தேன்.

இனிச் செய்ய வேண்டியது காரில் இல்லை, ரிமோட்டில் என்று அப்போதுதான் விளங்கியது. சக்கரத்தை நடுவுக்குக் கொண்டுவருகிற சுருள்கம்பி மெல்லியது. நல்ல விரல்களுக்கு அது போதும். வசந்தனின் விரல்களை அது தள்ளாது. கழற்றிவிட்டுக் கடினமான ஒன்றைப் போட்டேன். இரண்டு வளைவிலேயே கை உளைகிறது என்றார். அதைவிடக் கொஞ்சம் இளகியதைப் போட்டேன். அது காணாது என்றார். பொருந்துகிற கம்பி கடையில் இல்லை. பழைய ரிமோட்டுகளைக் கொட்டி ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டுப் பார்த்தோம். ஒரு கம்பியைப் போட்டதும் சக்கரமே அவர் விரல்களை வெளியே தள்ளியது. வசந்தன் திருப்பினார், விட்டார், திருப்பினார், விட்டார். ஓடாத காருக்கு வெறும் ரிமோட்டை வைத்துக்கொண்டு தேத்தண்ணீர் ஆறும்வரை அதையே செய்துகொண்டிருந்தார்.

பிறகு முறைப்படி ஒப்பீடு. இரண்டு காருக்கும் வெள்ளை மூடி, தண்ணீர் தெளிப்பு. இந்த முறை அவருடைய கை. ஒன்று, மற்றது, திரும்ப முதலாவது. நான் காருக்குப் பக்கத்தில் நின்று எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். எது மஞ்சள் என்று எனக்குத் தெரியும். அதைத்தான் எடுப்பார் என்று முகத்தைத் திருப்பி வைத்திருந்தேன். ஓடி முடித்து, "இதுதான்" என்று காட்டினார். நீலம்.

எனக்கு விளங்க நேரம் எடுத்தது. தொட்டவுடன் திரும்புகிற கார், விட்டவுடன் நேராகவும் செய்யும். முன்பு சக்கரம் அவர் கைக்குள் சிக்கிக்கொண்டதால் அந்த இரண்டாவது குணம் வெளியே வரவில்லை. மஞ்சள் கார் திரும்பவும் யோசிக்கும், நேராகவும் யோசிக்கும். ஏற்கெனவே நேரமெடுக்கிற கைக்கு அது இன்னும் நேரத்தைக் கூட்டியது. எனக்கு விரல் கட்டிக்கொண்டு பார்த்தபோது நல்லதாகத் தெரிந்தது இந்தத் தாமதம்தான்.

போட்டியன்று கடற்காற்றும் இல்லை, கச்சானும் இல்லை. சனம் நிறைய வந்திருந்தது. சுகந்தியும் வந்து வேலியோரம் குடை பிடித்துக்கொண்டு நின்றார். வசந்தன் முதலாவதாக வரவில்லை. மூன்றாவதும் இல்லை. நடுக்கூட்டத்தில் வந்தார். பம்படியில் ஒருமுறை சுழன்றார், எடுத்துவிட்டேன், ஓடினார். கடைசிச் சுற்று முடிந்ததும் ரிமோட்டை மேசையில் வைக்கவில்லை. பையில் போட்டுக்கொண்டு, குடைக்குள் போய் நின்றுகொண்டார். இனியும் வருவாரா என்று நானும் நானாவும் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

திங்கட்கிழமை கடை திறந்து கொஞ்ச நேரத்தில் வந்தார். நீலக் காரைத் தூக்கி என் மேசையில் போட்டார்.

"அண்ணை, பின்பக்க இடது ஷாக் எண்ணெய் கசியுது. அதாலதான் பம்படியில என்ர கார் சுத்தினது. இல்லாட்டி மூண்டாவதா வந்திருப்பன்."

கழற்றிப் பார்த்தேன். எண்ணெய் நிறைவாக இருந்தது. கசிவு இல்லை. அப்படியே சொன்னேன்.

"கசியுது" என்றார்.

"கசியேல்லை. நீங்கள் அந்த வளைவுக்குக் கனக்க வேகமாப் போனனீங்கள்."

"நானோ? எத்தினை வருசமா அந்த வளைவை ஓட்டுறன். என்ர கையில பிழையில்லை, உங்கட ஷாக்கிலதான் பிழை."

கடையில் வேறு ஆட்களும் நின்றார்கள். வேறு நாளென்றால் நான் தலையைக் குனிந்து எண்ணெயை மாற்றிக் கொடுத்திருப்பேன். அன்று ஷாக்கை அவர் முகத்துக்கு நேரே பிடித்து, எங்கே கசிகிறது, காட்டுங்கோ என்று கேட்டேன். அவர் வலது கையால் அதைப் பறித்தார். பறித்ததைத் திருப்பித் தர அவருக்கு வழமைபோல நேரமெடுத்தது, அதுவரையும் வாய் நிற்கவில்லை. நானா கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கடை பூட்டும்வரை நாங்கள் சண்டை பிடித்தோம். போகும்போது வசந்தன் வாசலில் நின்று, சனிக்கிழமைக்கு முந்தி இதைத் திருத்தி வைக்க வேண்டும் என்று எனக்குக் கட்டளை போட்டுவிட்டுப் போனார்.